விரல் வைக்கும் பக்கம்

எங்கள் வீட்டுக்கும் ஓதம்மா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலைந்துவிடும். வாசலில் இஸ்திரி வண்டியைப் போட்டுக்கொண்டு தெருவில் உள்ளவர்களின் சட்டைகளைத் தேய்ப்பது என் பிழைப்பு. கரி சூடேறுவதற்குள் தெருக்கதை பாதி காதில் விழுந்துவிடும். நானாகப் போய் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தானாக வந்து விழுகிறதை நான் என்ன செய்ய முடியும்?

ஓதம்மா என்பது அவள் பெயரில்லை. ஓதிக் கொடுக்கிற அம்மா என்று பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்து, அவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் நடுவில் இருந்ததெல்லாம் உதிர்ந்து ஓதம்மா ஆகிவிட்டது. பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவள் அக்கா.

பள்ளிவாசலின் பின்பக்கம் தகரம் வேய்ந்த நீளக் கூடம் ஒன்று உண்டு. அதுதான் மதரசா. விடியற்காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வந்து, தூக்கக் கலக்கத்தோடு ஓதிவிட்டு ஓடும். மதியத்துக்கு மேல் வருகிற கூட்டம் வேறு. பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காத பெண் பிள்ளைகள். சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும், வயதுக்கு வந்துவிட்டாள், போன வருஷமே சேர்க்கவில்லை இனிமேல் என்ன என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் தயாராக இருக்கும். மதரசாவுக்கு மட்டும் யாரும் தடை சொல்வதில்லை. காசு கிடையாது, சீருடை கிடையாது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரலாம். தங்கச்சி அழுதால் ஓதம்மாவே மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு பாடம் கேட்பாள். எழுத்து என்று ஒன்றை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது அங்கேதான்.

அந்தக் கூட்டத்தில் தீக்குச்சி என்று ஒருத்தி. அத்தனை ஒல்லி. இடுப்பில் தம்பியை வைத்தால் யார் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று சந்தேகம் வந்துவிடும். அவள் அம்மா படுத்த படுக்கை. அப்பா கொத்து வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் சோறாக்குவதிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது வரைக்கும் எல்லாம் அவள் தலையில்தான். அதற்கும் மேலே ஓட்டமாக ஓடி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, மற்றவர்களுக்கு முன்னால் ஒப்பித்துவிடுவாள்.

அக்காவும் அப்படி ஒரு கூடத்திலிருந்து வந்தவள்தான். வீட்டில் வரிசையாகப் பெண்கள். இவளைச் சின்ன வயதிலேயே ஒரு தகரப் பெட்டியோடு பெண்கள் மதரசாவில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அங்கே சோறு போட்டார்கள், படுக்கப் பாய் கொடுத்தார்கள், அரபு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கல்யாணம் ஆகும்வரை அதுதான் அவளுக்கு வீடு. அந்த எழுத்தைத் தவிர வேறு எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தை வைத்தே தன் பேச்சையும் எழுதிக்கொள்வாள். அடுப்படிச் சுவர் முழுக்கக் கரித்துண்டால் எழுதி வைத்திருப்பாள்.

"இது என்னக்கா?"

"கேஸ் மாத்துன நாளு."

"இது?"

"அது உனக்கு எதுக்கு? நீ வாங்கிட்டுப் போன சீனி."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என் நாலாம் வகுப்புப் படிப்புக்கு அந்தச் சுவரில் ஒரு புள்ளிகூடப் புரியாது. சீனியைத் திருப்பிக் கொடுக்காமல் ஏமாற்றலாம் என்றால் அந்தச் சுவர் விடாது.

அவள் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, செருப்புத் தைக்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு மரக்கட்டை, வளைந்த கத்தி, தகர அளவுத் தகடுகள், தோல் சுருள்கள், பசை டப்பா. வெட்டுவது அவர். பசை தடவிப் பின்முற்றத்தில் காய வைப்பது அக்கா. பசையை ரொம்பக் காயவிட்டாலும் ஒட்டாது, காயாவிட்டாலும் ஒட்டாது. தொட்டால் விரலில் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் இழுத்துக்கொண்டு வரக்கூடாது. அந்தப் பதம் அவள் விரலுக்குத் தெரியும். காய வைக்கும்போது சின்ன அளவிலிருந்து பெரிய அளவு வரை பலகையில் வரிசையாக அடுக்குவாள். சின்னது வலப்பக்கத்து ஓரத்தில் இருக்கும். அங்கேயிருந்து இடப்பக்கமாக வரிசை வளர்ந்துகொண்டே போகும். வரிசை என்றால் அவளுக்குத் தலை வலப்பக்கம்தான்.

"ஊர்ல எல்லா வரிசையும் ஒரு பக்கம் போவுது, எங்க வீட்டுச் செருப்பு மட்டும் எதிர்ப்பக்கம் போவுது," என்பார் அண்ணன், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும்படி.

"போவுதுல்ல? போனாச் சரி."

"ஒருநாள் மாத்தி அடுக்கேன், பாப்போம்."

"கை வரமாட்டேங்குது. நீங்க வேணா மாத்தி எடுத்துக்கோங்க."

அவரும் மாற்றித்தான் எடுத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் அளவு மாறி மாறி ஒட்டிச் சண்டை வந்ததாம். அப்புறம் அவர் கையும் வலப்பக்கத்திலிருந்தே எடுக்கப் பழகிவிட்டது. அந்த வீட்டில் அது ஒரு தமாஷாகவே நிலைத்துப்போனது.

ஒரே மகள். அவளைப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ப்பேன் என்று அண்ணன் நின்றார். அக்கா சரி என்றாள், ஆனால் காலையில் ஓதிவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். அந்தப் பெண் இரண்டையும் செய்தது. என்னைச் சின்னம்மா முறை வைத்துச் சாச்சி என்று கூப்பிடும். தேய்க்கிற சட்டைகளைச் சில நாள் மடித்துக் கொடுக்கும்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது காலில் ஆணி குத்திய புண் ஆறாமல் போனபோதுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "எப்படிப் போடணும்னு மருந்துக்கடையில எழுதித் தருவாங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மருந்துக்கடையில் திருவிழாக் கூட்டம். கரண்டு வேறு இல்லை. கடைக்காரர் செல்போன் வெளிச்சத்தில் மாத்திரையைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற கிழவருக்குக் காகித உறையின் மேல் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து, பக்கத்தில் கோடு கோடாகப் போட்டுக் கொடுத்தார். அடுத்து அக்காவைப் பார்த்தார்.

"படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும்," என்றாள் அக்கா. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் நிமிர்ந்தேகூடச் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் தெரியும் என்று சொன்ன பொம்பளை அவள் ஒருத்திதான்.

"அப்பச் சரி," என்று அவர் உறையில் மூன்று எண்களை வரிசையாக எழுதி அவள் கையில் வைத்துவிட்டு, அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டார். தெரியாது என்று சொன்னவர்களுக்கு வாயாலும் ஒரு தடவை சொல்லி அனுப்பினார். இவளுக்கு அது கிடைக்கவில்லை.

மாத்திரை கொடுப்பதை அக்கா ஓதுவதைப் போலவே செய்தாள். ஒரு வேளை தவறியதில்லை. யாரையும் அந்த உறையைத் தொடவிடவில்லை.

ஒரு விடியற்காலை, மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது. ஈரக் கரி பற்றாமல் புகைந்து என் உயிரை வாங்கியது. அக்கா குடை பிடித்துக்கொண்டு மதரசாவுக்குப் போவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து பிள்ளைகள் ஓதுகிற சத்தம் வந்தது. அன்றைக்கு மகளுக்கு ஜலதோஷம், அதனால் ஓதப் போகவில்லை. அவள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

"சாச்சி! சாச்சி! அத்தா எந்திரிக்க மாட்டேங்கிறாரு!"

ஓடினேன். அண்ணன் பாயில் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முதலில் கூரை ஒழுகுகிறதோ என்று மேலே பார்த்தேன். அது வேர்வை. அந்தக் குளிரில் அப்படி ஒரு வேர்வை. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. பல் இறுகியிருந்தது.

"கொஞ்சம் சீனித்தண்ணி வாயில விடுவோமா?"

"சக்கரைக்காரருக்குச் சீனியா, சாச்சி? வேண்டாம் சாச்சி!"

அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டேன். மகள் மதரசாவுக்கு ஓட, நான் ஆட்டோவுக்கு ஓடினேன். அக்கா வந்தபோது கையில் குடை இல்லை. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்த நர்ஸ் சத்தம் போட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். உடனே கையில் ஊசி குத்தி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். அதில் இருப்பது சர்க்கரை என்று சொன்னார்கள். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை நாள் சர்க்கரை கூடாது என்றவர்கள் இப்போது நரம்பு வழியாக அதையே ஏற்றுகிறார்கள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணெல்லாம் சிவந்து, விடிய விடிய நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது.

"என்ன மாத்திரை குடுக்குறீங்க? எப்படிக் குடுக்குறீங்க?"

"காலையில அரை. ராத்திரி ரெண்டு," என்றாள் அக்கா.

"ராத்திரி ரெண்டா? யாரு சொன்னது?"

"கவர்ல எழுதியிருக்கு."

மகள் பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைப் பார்த்தார்.

"இதுல காலையில ரெண்டு, மதியம் இல்ல, ராத்திரி அரைன்னு எழுதியிருக்கு. நீங்க தலைகீழாக் குடுத்திருக்கீங்க. சாப்பிடாமத் தூங்குற நேரத்துல ரெண்டு மாத்திரை போட்டா, சர்க்கரை ஒரேயடியா எறங்கி மனுஷன் என்ன ஆவான்? படிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்மா. வீட்ல படிச்சவங்க யார்கிட்டயாவது குடுத்திருக்கணும்."

"எனக்குப் படிக்கத் தெரியும்," என்றாள் அக்கா.

"தெரிஞ்சவங்க இப்படிக் குடுப்பாங்களா?"

அக்கா உறையை வாங்கினாள். மதரசாவில் சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதைப் போல வலப்பக்கத்து எண்ணின் கீழே விரலை வைத்தாள். "அரை," என்றாள். விரல் நகர்ந்தது. "ஒண்ணுமில்ல." விரல் மறுபடி நகர்ந்தது. "ரெண்டு."

டாக்டர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து வேறு யாரோ கூப்பிட, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மகள் அம்மாவின் விரலைப் பிடித்தாள். பிடித்து உறையின் இடப்பக்கத்து ஓரத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

"இங்கேருந்தும்மா," என்றாள், மிக மெதுவாக.

அக்கா அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனுடைய அண்ணன் லாரி ஓட்டுகிறவர், அக்காவைப் போலவே நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சேதி கேட்டு வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். அவருக்கு இயல்பாகவே குரல் பெரிசு. விஷயத்தை மகள் வாயிலிருந்து பிடுங்கி எடுத்ததும் வராந்தாவே அதிர்ந்தது.

"இவ ஓதிக் குடுக்குற லட்சணம் இதுதானா? வீட்ல கட்டுன புருஷனுக்கு ஒரு மாத்திரை குடுக்கத் தெரியல, ஊர்ப் புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்துக் கிழிக்கிறா? அந்தக் கூடத்த மொதல்ல பூட்டுங்க! வெளிய போயி நாலு எழுத்து படிக்க வேண்டிய புள்ளைங்கள உள்ள புடிச்சுப் போட்டு..."

"மாமா, ஆஸ்பத்திரி," என்றேன் நான்.

"இருக்கட்டும்! என் தம்பி அங்க கட்டையாக் கிடக்கறான்!"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கத்தும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அக்கா முகத்தை முக்காட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் அண்ணனுக்கு நினைவு வந்தது. உள்ளே போனோம். எல்லாரையும் அடையாளம் கண்டார், ஆனால் ஒவ்வொருவர் பெயரும் வாய்க்கு வர நேரமெடுத்தது. மனதில் இருக்கிறது, நாக்குக்கு வந்து சேரவில்லை. லாரிக்கார மாமா பொறுக்கமாட்டாமல் நடந்ததைச் சொல்லிவிட்டார்.

அண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

"செருப்பு... அடுக்குற மாதிரி... அடுக்கிட்டியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம்தான் போனது.

அதுவரைக்கும் அழாத அக்கா அப்போது அழுதாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பெறுகிறவளைப் போலக் குரலெடுத்து அழுதாள். வார்டில் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். வேறு யாராவது அவளைத் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"எனக்குத் தெரியுமே," என்றார் அண்ணன், திக்கித் திக்கி. "நீ அப்படித்தான்னு... எனக்குத் தெரியுமே. நான் ஒரு தடவ... கவரப் பாத்திருக்கணும்."

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சு கொஞ்சம் தேறியது. கை தேறவில்லை. கத்தியைப் பிடித்தால் நடுக்கம். புதுத் தோலில் ஒரு ஜோடி வெட்டிப் பார்த்தார். வெட்டு, தகட்டை விட்டு விலகிப் போய், நல்ல தோல் பாழானது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் வாசலில் போகிறவர் பாதத்தைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். இப்போது தகட்டை எடுத்து வைத்துப் பார்த்து, மறுபடி வைத்துப் பார்க்கிறார். டாக்டரிடம் கேட்டதற்கு, போகப் போகச் சரியாகலாம் என்றார். ஆகும் என்று சொல்லவில்லை.

அக்கா மதரசாச் சாவியைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரிடம் கொடுத்துவிட்டாள். காலைப் பிள்ளைகளை அவரே எப்படியோ சமாளித்தார். மதியம் வருகிற பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூடம் பூட்டிக் கிடந்தது.

"இன்னும் எத்தன நாளைக்குக்கா இப்படி?" என்று கேட்டேன். பின்முற்றத்தில் அவள் பசை தடவிக்கொண்டிருந்தாள். வெட்டின தோல் கொஞ்சமே இருந்ததால் வேலையும் கொஞ்சம்தான்.

"எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போயி உக்காரச் சொல்ற?"

"தப்பு எல்லாருக்கும்தான் வருது."

"தெரியாதுன்னு சொல்லிட்டுத் தப்புப் பண்ணியிருந்தாப் பரவால்லடி. அவரு கேட்டாரு, தெரியும்னேன். நீயும் பக்கத்துலதான நின்ன? அது பொய்யில்லடி. அதான் என்னால தாங்க முடியல."

சும்மா பசை டப்பாவின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா சொல்றாரு மதரசாவாலதான்னு," என்றாள் மறுபடி. "எனக்கு அங்க சோறு போட்டாங்க. ராத்திரி அழுதா, ஓதிக் குடுக்குற உஸ்தாதும்மா பக்கத்துல வந்து படுத்துக்குவாங்க. ஒரு எழுத்து நாக்குல ஒழுங்கா வரலன்னா, வர்ற வரைக்கும் கூட உக்காந்து சொல்லுவாங்க, மொகம் சுளிக்க மாட்டாங்க. எங்க வீட்ல யாரும் என்கிட்ட அப்படி உக்காந்ததில்ல. அந்த எழுத்து இல்லன்னா நான் யாரு? அதே எழுத்துதான் இவரு கைய முடக்கிடுச்சுன்னா, நான் யார்கிட்டப் போய்க் கோவிச்சுக்க?"

முன்னறையில் அன்றைக்கு லாரிக்கார மாமா வந்து உட்கார்ந்திருந்தார். அவர் குரல் எங்களுக்குக் கேட்டது.

"பள்ளிவாசல் நிர்வாகத்துல பேசிட்டேன். கூடத்த சாமான் போட வச்சிக்கலாங்கறாங்க. நல்லதுதான். பொட்டப் புள்ளைங்க பள்ளிக்கூடம் போவட்டும்."

"அண்ணே," என்றார் அண்ணன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் பேசினார். "கூடத்தப் பூட்டுனா... அந்தப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கா போவும்? அடுப்படிக்குப் போவும்."

"அதுக்காக?"

"பள்ளிக்கூடம் பெரிய ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கு. இவ இந்தப்பக்கம் இருக்கா. அவ்வளவுதான்."

மாமா டீயை உறிஞ்சுகிற ஓசை கேட்டது.

அப்போதுதான் பின்வாசல் பக்கம் பிள்ளைகள் வந்து நின்றன. கூடம் பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் அந்த நேரத்துக்குக் கிளம்பிவந்து பழகிய கால்கள். வீட்டில் இருந்தால் வேலை சொல்வார்கள் என்கிற கணக்கும் இருக்கும். முன்னால் தீக்குச்சி, இடுப்பில் தம்பி.

"ஓதம்மா, இன்னிக்கும் இல்லியா?"

"இல்லம்மா. போங்க."

யாரும் போகவில்லை. முற்றத்தில் வரிசையாகக் குந்திக்கொண்டன. போகச் சொல்லி இன்னொரு தரம் சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பசை தடவின அடித்தோல்கள் கூடையில் குவிந்து கிடந்தன.

"நாங்க அடுக்கவா, ஓதம்மா?" என்றது ஒன்று.

"மழை வர்றதுக்குள்ள கொஞ்சம் காத்தாட வைங்க. சின்னதுலேருந்து பெருசு. ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டாம."

ஆளுக்கொரு பலகையைப் பிடித்துக்கொண்டன. பிள்ளைகள் கையில் வேலை கிடைத்ததும் பேச்சும் சிரிப்புமாக முற்றம் கலகலத்தது. எனக்கே கொஞ்சம் மனசு லேசானது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். கையிலிருந்த குச்சியின் பசை சேலையில் வழிந்துகொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன். எல்லாப் பலகையிலும் சின்ன அளவு வலப்பக்கத்து ஓரத்தில் இருந்தது. எல்லாப் பலகையிலும் வரிசை இடப்பக்கமாக வளர்ந்துகொண்டு போனது. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. சொல்லிக் கொடுக்கவும் யாரும் இல்லை.

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனாள். மாத்திரை உறையோடு திரும்பி வந்தாள். பின்னாலேயே மகளும் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"எல்லாரும் கைய அந்தப் பழைய வேட்டித் துணியில தொடைங்க. இங்க வாங்க."

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தன. அவள் உறையைத் தரையில் வைத்தாள்.

"இது மாத்திரைக் கவரு. இதுல மொதல்ல இருக்கறது காலையில போடுறது. அப்புறம் மதியத்துக்கு. கடைசியா ராத்திரிக்கு. எது காலையில போடுறதுன்னு வெரல் வச்சுக் காட்டுங்க. ஒவ்வொருத்தரா."

முதல் பிள்ளை வலப்பக்கம் வைத்தது. அடுத்ததும் அங்கேயே வைத்தது. அதற்கடுத்த பிள்ளை யோசிக்கக்கூட இல்லை. ஒவ்வொரு விரலாக வந்து அந்த அரையின் மேல் உட்கார்ந்து எழுந்து போனது. நல்ல பிள்ளைகள். சொல்லிக் கொடுத்ததை மறக்காத பிள்ளைகள். அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கடைசியாகத் தீக்குச்சி. அவளும் அங்கேயே வைத்தாள்.

"இல்ல கண்ணு," என்றாள் அக்கா. அந்த விரலைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் மகள் செய்ததைப் போலவே, மறுபக்கத்துக்குக் கொண்டுபோனாள். "இதுக்குத் தலை இந்தப் பக்கம். நானும் உன்ன மாதிரிதான் படிச்சேன். அதான் எங்க வீட்டுக்காரரு கை இப்படி ஆடுது. கேட்டுக்கங்க எல்லாரும். நான்தான் மாத்திக் குடுத்தேன்."

ஒரு பிள்ளை கேட்டது.

"அப்போ நம்ம படிக்கறது தப்பா, ஓதம்மா?"

"தப்பில்லடா. ஓதுறது அந்தப் பக்கத்துலேருந்துதான். அது எப்பவும் மாறாது. இது வேற எழுத்து. இதுக்கு இந்தப் பக்கம். ரெண்டும் தெரியணும். எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது."

தீக்குச்சி விரலை எடுக்கவில்லை. உறையிலேயே வைத்துக்கொண்டு, உதடு அசைய மனதுக்குள் எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. சட்டென்று எழுந்தாள். தம்பியை அக்கா மடியில் இறக்கினாள். பின்வாசல் வழியாக ஓடினாள். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"என்னாச்சு? எங்க ஓடுறா இவ?" என்றேன் நான்.

"அவங்கம்மாவுக்கு அவதான் மாத்திரை குடுக்குறா, சாச்சி," என்றாள் மகள்.

முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. அக்காவின் கை பிள்ளையை இறுக்கிப் பிடித்தது.

"நீயும் ஓடு," என்றாள் மகளிடம். "கவர வாங்கி நீ படிச்சுப் பாரு. மாறியிருந்தா முன்னறையில இருக்கற உங்க பெரியத்தாவக் கூப்பிடு, வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போங்க. ஓடு!"

மகள் ஓடினாள். முன்னறையிலிருந்து லாரிக்கார மாமா என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முக்காட்டுக்குள் புதைத்த முகம் அது இல்லை.

"மாமா, அவ பின்னாடியே போங்க," என்றாள். அவர் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

தூறல் விழ ஆரம்பித்தது. தோல்களை உள்ளே எடுக்க வேண்டும் என்று நான் எழுந்தேன். அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது கெடக்கட்டும். மோதினார்கிட்டப் போயி கூடத்துச் சாவிய வாங்கிட்டு வாடி."

நான் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மடியில் அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிக்கொண்டே, நனைகிற உறையைத் துடைத்து மறுபடி பிள்ளைகள் நடுவில் வைத்தாள்.

"வைங்க வெரல," என்றாள்.